வலப்பக்கம் சத்தம் குறைவு

எந்தச் சாமானை வாங்கினாலும் அதைக் கொஞ்ச நாள் படுத்தி எடுத்துவிட்டுத்தான் நல்லது கெட்டது சொல்வேன். மிக்சி வாங்கினால் முதல் நாளே காய்ந்த விரலி மஞ்சளைப் போட்டு ஓட்டிப் பார்ப்பேன். குக்கர் வாங்கினால் விசில் தெருமுனை வரை கேட்கிறதா என்று வெளியே போய் நின்று பார்ப்பேன். என் வீட்டுக்காரர் இதற்குப் ‘பரீட்சை வைக்கிறது’ என்று பெயர் வைத்திருக்கிறார். கம்பத்துக் கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டாலே வயிற்றைக் கலக்கும் என்றும் சொல்வார். கலக்கட்டும். விலை கொடுத்து வாங்குகிறவள் நான்தானே.

அப்படிப்பட்டவள் கையில்தான் அந்த ஹெட்போன் வந்து மாட்டியது. ஏலக்காய் சீசன் முடிந்து கிடைத்த போனசை எடுத்துக்கொண்டு தேனி கடைவீதிக்குப் போனேன். செல்போன் சாமான் விற்கும் கடையில், காதுக்கு மேலே உட்காருகிற மாதிரி ஹெட்போன் வேண்டும் என்று கேட்டேன். பாப்பாவுக்கா என்றார் கடைக்காரர். எனக்குத்தான் என்றதும் கறுப்பாக ஒன்றை எடுத்து நீட்டினார். அதைப் பார்த்தால் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவர் மாட்டிக்கொள்வது போல இருந்தது. நான் கண்ணாடி அலமாரிக்குள் இருந்ததைக் காட்டினேன். சந்தன நிறப் பட்டை, காதில் படும் இடத்தில் மண் நிறத்தில் மெத்தை, மடக்குகிற மூட்டில் பித்தளை நிறத்தில் ஒரு சின்ன வளையம். பார்த்ததும் பிடித்துவிட்டது. அழகுக்காகத்தான் முதலில் ஆசைப்பட்டேன், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு பெண் தனக்கென்று அழகான ஒரு சாமான் வாங்குவதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

காதுக்குள் செருகும் சின்ன மொட்டுகள் எனக்கு ஒத்துவரவில்லை. அரிக்கும், கழன்று விழும், அதைவிட முக்கியமாக, மாட்டியிருப்பது யாருக்கும் தெரியாது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தன் கொழுந்தன் கல்யாணத்தை ஆரம்பித்துவிடுவார். தலைக்கு மேல் ஒரு பட்டை தெரிந்தால் இவள் வேறு வேலையாக இருக்கிறாள் என்று எல்லோருக்கும் புரியும். எனக்கு அது வேண்டியிருந்தது.

வீடு கம்பத்தில், வேலை குமுளியில். ஏலக்காய் மொத்த வியாபாரக் கடை. காலையில் மலை ஏறி, சாயங்காலம் மலை இறங்குகிற பிழைப்பு. போகவர இருக்கும் அந்த நேரம் மட்டும்தான் நாளில் என் சொந்த நேரம். யாரோ வாசித்துப் பதிவு செய்த நாவல்களும் பழைய பாட்டுகளும் கேட்பேன்.

கடையில் என் இடம் முன்மேஜை. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபோது என்னை உள் அறையில்தான் உட்கார வைத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. பில்லைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவது மட்டும் வேலை. இன்றைக்கு ரேட் என்ன என்று அங்கே இருப்பவரை யாரும் கேட்க மாட்டார்கள். பல வருடம் கழித்து, கேட்டுக் கேட்டு, சண்டை போட்டு, முன்மேஜைக்கு வந்தேன். அந்த வரிசைக் கடைகளில் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் நான் ஒருத்திதான். இடது காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன் இருக்கும், அதில் வெளியூர் வியாபாரி பேசிக்கொண்டிருப்பார். வலப்பக்கம் தராசு. எடைக்காரர் மூட்டையை ஏற்றி எடையைக் கூவுவார், என் கை எழுதும். இரண்டு காதும் தனித்தனியாக வேலை செய்கிற இடம் அது.

இப்போது பரீட்சைக்கு வருகிறேன். முதல் பாடம் தோடு. நான் போட்டிருப்பது கல்தோடு. இந்த வகை ஹெட்போன் காதைச் சுற்றி மூடாமல் காதின் மேலேயே உட்காருவதால் தோட்டை அமுக்கும், பின்னால் திருகு போய்க் குத்தும். கம்பத்திலிருந்து கூடலூர் போவதற்குள் காது மடல் சிவந்துவிட்டது. பட்டையை ஒரு படி நீட்டி, மெத்தையைக் கொஞ்சம் மேலே தள்ளி வைத்தால் குத்தவில்லை. இதை அட்டைப்பெட்டியில் எங்கும் எழுதவில்லை. காதில் எதுவுமே போடாத ஆட்கள் தயாரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தேங்காய் எண்ணெய். சந்தன நிறப் பட்டையில் மூன்றாம் நாளே வகிடு எடுத்த இடத்தில் கறை. ஈரத்துணியில் சோப்பு தொட்டுத் துடைத்தால் போகிறது. அதற்குப் பிறகு காலையில் எண்ணெய் வைப்பதை நிறுத்தி, சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டேன். பூ வைப்பதற்கு இடைஞ்சல் இல்லை. ஆடி மாதக் காற்றில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மட்டும் மெத்தை ஓரத்தில் காற்று புகுந்து ஊளையிடும், அன்றைக்கு நடுவரிசையில் உட்கார வேண்டியதுதான்.

மூன்றாவது சத்தம். நாவல் வாசிப்பவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. தபேலா இடப்பக்கமும் வயலின் வலப்பக்கமும் பிரிந்து நின்றன. வெளிச்சத்தத்தை முழுசாக அடைக்கவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்பது தெரிகிறது, அடுப்பில் பால் பொங்குவது தெரிகிறது. சிலர் அதைக் குறை என்பார்கள், எனக்கு அது வசதி. பேருந்தில் தெரிந்த பெண்கள் வாய்ப்பை விடவில்லை. ஒருத்தி, “என்னக்கா, ஏரோப்ளேன் ஓட்டப் போறீகளா?” என்றாள். எனக்குக் கேட்காத மாதிரி உட்கார்ந்துகொண்டேன். மொத்தத்தில் பாஸ் மார்க் போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் சளி பிடித்தது. தலை பாரமாக இருந்ததால் கொஞ்ச நாள் ஹெட்போனை எடுக்கவில்லை. சளி விட்டதும் மறுபடி மாட்டினால், வலப்பக்கம் சத்தம் குறைவு. வயலின் இருந்த இடத்தில் ஏதோ சுவருக்கு அப்பால் கேட்பதுபோல இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு சோதித்து, மார்க் போட்டு, நாலு பேரிடம் நல்ல சாமான் என்று சொல்லிவிட்ட பிறகு பல்லிளித்துவிட்டதே என்றுதான் கோபம்.

கடைக்குப் போய்ச் சும்மா ‘சரியில்லை’ என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தண்ணீர் பட்டிருக்கும், கீழே போட்டிருப்பீர்கள் என்பார்கள். வாயைத் திறக்க முடியாதபடி ஆதாரத்தோடு போக வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்தேன். முழுசாக சார்ஜ் ஏற்றினேன், பஞ்சால் மெத்தையைத் துடைத்தேன், என் போனை விட்டு வீட்டுக்காரர் போனில் இணைத்தேன். அப்போதும் வலப்பக்கம் குறைவுதான். பிறகு ஒரு யோசனை வந்தது. ஹெட்போனைத் திருப்பி மாட்டினால், வலப்பக்கத்து மெத்தை இடது காதுக்கு வரும். கோளாறு அந்த மெத்தையில் இருந்தால் இப்போது இடப்பக்கம் சத்தம் குறைய வேண்டும். குறைந்துவிட்டால் அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம்.

திருப்பி மாட்டினேன். இடப்பக்கம் நன்றாகக் கேட்டது. வலப்பக்கம்தான் குறைவு.

ஏதோ மாற்றி மாட்டிவிட்டேன் என்று கழற்றி, இடது வலதுக்குப் போட்டிருந்த எழுத்தைப் பார்த்து, மறுபடி மாட்டினேன். அதேதான். வீட்டுக்காரர் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு, நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், நீங்கள் நேராகவோ திருப்பியோ உங்கள் இஷ்டத்துக்கு மாட்டிவிடுங்கள், எந்தப் பக்கம் குறைகிறது என்று நான் சொல்கிறேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். மாட்டினார், வலது என்றேன். கழற்றி மாட்டினார், வலது என்றேன். மறுபடி, மறுபடி. கொஞ்ச நேரத்தில் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. தன் காதில் மாட்டிக் கேட்டுவிட்டுக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“ஏ புள்ள, செட்டுல ஒண்ணும் இல்ல. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் கேக்குது.”

உங்கள் காது நீங்கள் வேலை பார்க்கிற சைக்கிள் கடைச் சத்தத்தில் மரத்துப்போயிருக்கும் என்றேன். அவர் என் பின்னால் போனார். நான் ஹெட்போனை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “கேக்குதா?” என்றார். எது என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தால், என் வலது காதுக்குப் பக்கத்தில் கையை வைத்து விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகச் சொடுக்கினார் என்று எனக்குத் தெரியவில்லை.

“மலை அடைப்பு. இன்னும் விடல போல” என்றேன்.

இந்த வார்த்தை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது காது அடைக்கும், இறங்கும்போதும் அடைக்கும். சாயங்காலப் பேருந்தில் அந்தப் பெரிய தண்ணீர்க் குழாய்கள் தெரிகிற வளைவு வந்ததும் பேச்சு நின்றுபோகும். எல்லோரும் எச்சில் விழுங்குவார்கள், கொட்டாவி விடுவார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுவார்கள். கீழே வந்ததும் ‘டப்’ என்று திறந்துகொள்ளும், பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும். சளி இருந்தால் கூட இரண்டு நாள் அடைத்திருக்கும், அதைப் போய் யாரும் ஒரு வியாதியாக நினைப்பதில்லை. மலை அடைப்பு என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம். டாக்டரிடம் போய்க் காது அடைக்கிறது என்று சொன்னால் ஊர் சிரிக்கும்.

“அது எப்ப அடச்சது?” என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். சளி பிடித்திருந்தபோது ஒரு சாயங்காலம் மலை இறங்கினேன். இடது காது திறந்துகொண்டது, வலது திறக்கவில்லை. நாளைக்கு விட்டுவிடும் என்று நினைத்தேன். மறுநாள் வேலை, அதற்கு மறுநாள் வேலை. ஒரு காது நன்றாகக் கேட்டால் இன்னொன்று கேட்கவில்லை என்பதே தெரியாமல் போய்விடுகிறது. அடைப்பு விட்டதா என்று நான் பார்க்கவே இல்லை. குக்கர் விசிலுக்குத் தெருவில் போய் நின்றவள், என் காதுக்குப் பரீட்சை வைக்கவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்த வாரம் கடையில் எடைக்காரர் நாற்பத்தேழு என்றதை நாற்பத்தெட்டு என்று எழுதினேன். அவர் பார்த்துச் சொன்னார். நீர்தான் வாய்க்குள்ளேயே முழுங்குகிறீர் என்று அவரைத் திட்டினேன். பாவம், அந்த மனிதர் அடுத்த மூட்டையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினார். வலப்பக்கம் ஒரு ‘கொய்ங்’ இரண்டு மூன்று நாளாக இருந்தது. அதைக் கடையின் பழைய ஃபேன் என்று நினைத்திருந்தேன்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. காது போனால் என்ன ஆகும் என்பதைவிட முதலில் கண்ணில் வந்து நின்றது அந்த ஜன்னல் இல்லாத உள் அறைதான். அழுகை வந்தது, அழவும் செய்தேன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, நாளைக்குத் தேனிக்குப் போகிறோம், முதல் ஆளாக டோக்கன் எடுக்க வேண்டும் என்றேன்.

காது டாக்டர் நடுத்தர வயதுப் பெண். கருவியை விட்டுக் காதுக்குள் பார்த்தார், அழுக்கு இல்லை, சீழ் இல்லை என்றார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த இசைக்கவை ஒன்றைத் தட்டி என் நடு நெற்றியில் வைத்தார். எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று கேட்டார். இடப்பக்கம் என்றேன். அவர் முகம் மாறியதைக் கவனித்தேன். வெறும் அடைப்பாக இருந்தால் அடைத்த பக்கம்தான் சத்தமாகக் கேட்கும், உங்களுக்கு நல்ல காதில் கேட்கிறது, உள்ளே நரம்பில் கோளாறு என்றார்.

“கம்பம், கூடலூருல இருந்து வர்றவுக எல்லாரும் இதையேதான் சொல்றீக. மலை அடைப்பு, மலை அடைப்புன்னு வீட்டுலயே இருந்துட்டு வர்றீக. ஒரு காது திடீர்னு கேக்காமப் போனா அன்னைக்கே வரணும்.”

மாத்திரை எழுதினார். கேட்கும் சக்தி திரும்பலாம், பாதி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், வாக்குக் கொடுக்க முடியாது என்றார். மாத்திரை முடிகிற வரை மலை ஏற வேண்டாம், ஹெட்போனும் வேண்டாம். அதற்கு முன்னால் காது எந்த அளவில் இருக்கிறது என்று சோதனை எடுத்துவிடலாம் என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

அங்கேதான் எனக்கு நிஜமான பரீட்சை நடந்தது. சுவரெல்லாம் மெத்தை அடித்த ஒரு சின்னக் கூண்டு. உள்ளே ஒரு நாற்காலி. தலையில் கனமான, அசிங்கமான ஒரு கறுப்பு ஹெட்போன். கையில் ஒரு பொத்தான். சோதனை எடுக்கும் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு மெல்லிசாகக் கேட்டாலும் அமுக்க வேண்டும் என்றாள். இடது காது சுலபம். வலது காதுக்கு வந்ததும் ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணின் கை மேஜையில் ஏதோ திருகுவது தெரிந்தது. சத்தம் கொடுக்கிறாள், எனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்தேன். சும்மா உட்கார்ந்திருந்தால் முட்டை மார்க் போட்டுவிடுவாள். கேட்டது போலவும் இருந்தது. அமுக்கினேன். கொஞ்சம் விட்டு மறுபடி அமுக்கினேன். படிக்கிற காலத்தில்கூட நான் ஒரு கேள்வியையும் விட்டுவிட்டு வந்ததில்லை.

அந்தப் பெண் எழுந்து கதவைத் திறந்து உள்ளே வந்தாள். குனிந்து என் இடது காதுப் பக்கம் பேசினாள். “அம்மா, நான் சத்தமே குடுக்காதப்பவும் அமுக்குறீங்க. கேட்டா மட்டும் அமுக்குங்க. கேட்ட மாதிரி இருந்தா அமுக்காதீங்க. நீங்க இப்படி அமுக்குனா டாக்டரு உங்களுக்குக் கேக்குதுன்னு நெனச்சுக்கிருவாக.”

வெட்கமாகப் போய்விட்டது. என் மகளைவிடச் சின்னப் பெண். மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். முடிவுத் தாளில் வலது காதுக் கட்டத்தில் கோடு அடியில் போய்க் கிடந்தது.

அடுத்து வந்த நாட்களில் நான் வீட்டில் இருந்தேன். மாத்திரை தூக்கத்தைக் கெடுத்தது, பசியைக் கிளப்பியது, முகத்தை உப்ப வைத்தது. முதலாளிக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லியிருந்தேன். எனக்குப் பதிலாக முன்மேஜையில் ஒருவரை உட்கார வைத்திருப்பதாக எடைக்காரர் போனில் சொன்னார். அவர் நல்லபடியாக எழுதுகிறாரா என்று கேட்டேன், பரவாயில்லை என்றார். அந்தப் பரவாயில்லை என்னை நன்றாகவே குத்தியது.

காலையில் எழுந்ததும் வலது காதுக்குப் பக்கத்தில் விரலைத் தேய்த்துப் பார்ப்பேன். கேட்ட மாதிரி இருக்கும். அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வரும். கேட்ட மாதிரி இருப்பது கணக்கில் சேராது. வீட்டுக்காரர் சாப்பிடும்போது இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார். கேட்கவில்லை என்றே சொல்வேன். அவர் முகம் வாடும். அவருக்காகவாவது கொஞ்சம் கேட்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். ஒரு தடவை பொய்க் கணக்கு எழுத ஆரம்பித்தால் எனக்கே எது நிஜம் என்று தெரியாமல் போய்விடும்.

ஒரு நாள் காலை, கொல்லைக் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டில் யாரோ வாளியை நகர்த்தியது வலப்பக்கமாகக் கேட்டது. கையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இரண்டாவது தடவையும் கேட்டது. அன்றைக்கும் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. மறுநாளும் அந்த வாளி அந்தப் பக்கம்தான் கேட்டது, அப்போதுதான் சொன்னேன். அவர் எழுந்து போய்ப் பூ வாங்கி வந்தார்.

மாத்திரை முடிந்து மறுபடி அந்தக் கூண்டுக்குள் போனேன். அதே அசிங்கமான ஹெட்போன், அதே பொத்தான். இந்தத் தடவை கண்ணாடிப் பக்கம் பார்க்கவே கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன். வலது காதில் அமைதி. கட்டை விரல் துடித்தது. கேட்ட மாதிரி இருந்தது, அமுக்கவில்லை. வியர்த்தது, அமுக்கவில்லை. அப்புறம் அடியிலிருந்து ‘பூம்’ என்று ஒன்று வந்தது. மெல்லிசுதான், ஆனால் சந்தேகமில்லாமல் வெளியிலிருந்து வந்தது. அமுக்கினேன். பிறகு வந்தவற்றில் கேட்டதற்கு மட்டும் அமுக்கினேன். நீண்ட நேரம் சும்மா உட்கார்ந்திருந்த கட்டமும் ஒன்று இருந்தது. அந்த நேரத்தில் அவள் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். விட்டுவிட்டேன்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் தாளைக் காட்டினாள். ‘பூம்’ மாதிரித் தணிந்த சத்தம் எல்லாம் நல்லபடியாகத் திரும்பிவிட்டது. ‘கீச்’சென்று வருகிற மேல்சத்தம் பாதியில் நிற்கிறது. “ஆனா இன்னைக்கு ஒண்ணுகூடப் பொய்யா அமுக்கலம்மா” என்றாள். பேச்சில் சில எழுத்துகள் அந்தக் காதில் விழாது, எதிரே பேசுபவரை இடப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். இதற்கு மேல் வருவது சந்தேகம், மலை ஏறலாம், ஹெட்போனைத் தணிவாக வைத்துக் கேட்கலாம். ஆனால் இனி எந்த அடைப்பையும் மலை மேல் பழி போடாமல் வந்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் ஹெட்போனுக்கும் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். சாமானில் குறை இல்லை. தோடு போடுகிறவர்கள் ஒரு படி நீட்டி மாட்டவும். எண்ணெய் வைக்கிறவர்கள் கறுப்பு நிறம் வாங்கவும், ஆனால் சந்தன நிறம்தான் அழகு. போன் அமைப்புக்குள் இரண்டு பக்கச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து விடுகிற ஒரு வசதி இருக்கிறது, அதை இயக்கிவிட்டேன். இப்போது வயலினும் தபேலாவும் ஒரே இடத்தில் நிற்கின்றன. பிரிந்து நின்றபோது இருந்த சுகம் இல்லை. அதற்கு அந்த ஹெட்போன் பொறுப்பல்ல.

முதலாளிக்குப் போன் செய்து, மறுநாள் வருகிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் எடைக்காரரிடம் சொல்லி, விஷயம் அவருக்கு எட்டியிருந்தது. நல்ல மனிதர், குரலில் கரிசனம்தான் இருந்தது. உள் அறையில் உட்கார்ந்து பில் மட்டும் போடுங்கள், சிரமம் இருக்காது, சம்பளமும் குறையாது என்றார். நாளைக்கு நேரில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

காலையில் மலை ஏறினேன். குமுளியில் மூடுபனி விலகாமல் இருந்தது. கடையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போய், முன்மேஜையில் இருந்த சாமான்களை எல்லாம் எடுத்துத் தரையில் வைத்தேன். மேஜையைத் தள்ளினேன். தேக்கு மேஜை, லேசில் அசையவில்லை. இடுப்பால் முட்டுக் கொடுத்துத் தள்ளி, வாசலைப் பார்த்து இருந்ததைச் பின்சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டேன். இனி அதில் உட்கார்ந்தால் தராசு என் இடப்பக்கம். முதலாளி உள்ளே வந்து, செருப்பைக் கழற்றியபடியே மேஜையைப் பார்த்து நின்றார். எடைக்காரரும் என் இடத்தில் இருந்தவரும் இரண்டு சுமைதூக்கிகளும் பின்னால் வந்து நின்றார்கள். அதுவரை நான் இதை வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெளியே யாரிடமும் என் வாயால் சொன்னதில்லை. செட்டுக் கோளாறு என்றேன், மலை அடைப்பு என்றேன், உடம்பு சரியில்லை என்றேன்.

“எனக்கு வலது காது பாதிதான் கேக்கும்” என்றேன். “இனிமே முழுசா வராதுன்னு டாக்டரு சொல்லிட்டாக. அங்கன வலப்பக்கம் நின்னு எடை சொன்னா தப்பா எழுதுவேன். இங்கன நின்னு சொன்னா சரியா எழுதுவேன். எடை போடுறப்ப போன் எடுக்க மாட்டேன், முடிஞ்சதும் நானே அவுகளக் கூப்புட்டுப் பேசிக்கிறேன். உள் ரூமுக்கு நான் போகல.”

முதலாளி மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வியாபாரிகள் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கணக்கரையா பார்ப்பார்கள் என்று முனகினார். நாற்காலியைத் திருப்பிக்கொள்வேன் என்றேன். அவர் உள்ளே போனார். என் இடத்தில் இருந்தவர் தன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டார்.

நான் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். எடைக்காரர் சுற்றி வந்து என் இடப்பக்கம் நின்றார். மூட்டை ஏறியது. அவர் கத்தவில்லை, சாதாரணக் குரலில் சொன்னார். நான் எழுதுவதற்கு முன்னால் அதைத் திருப்பிச் சத்தமாகச் சொன்னேன்.

“நாப்பத்தேழு.”

சரி என்றார். சுமைதூக்கி அடுத்த மூட்டையைக் கொண்டுவந்தார்.